பழைய கேசட்டைக் கணினியில் ஏற்றும்போது வரும் கோளாறுகள்: கேட்கும் ஒலியை வைத்துக் காரணம் பிடிக்கும் முறை

சேலத்தில் பல வீடுகளின் பரண்மேல் இரண்டு வகைக் கேசட்டுகள் கிடக்கும். ஒன்று கடையில் வாங்கிய சினிமாப் பாட்டு. மற்றொன்று வீட்டிலேயே பதிந்தது: கல்யாணத்து நாதஸ்வரம், ஆடித் திருவிழாவில் விடிய விடிய நடந்த தெருக்கூத்து, பாட்டி பாடிய தாலாட்டு, வெளியூரிலிருந்து கடிதத்துக்குப் பதிலாக வந்த பேச்சு. முதல் வகை வேறு எங்காவது கிடைக்கும். இரண்டாம் வகைக்கு உலகத்தில் வேறு பிரதி இல்லை. எனவே இந்த வழிமுறை முழுக்க அந்த இரண்டாம் வகையைக் காப்பாற்றுவதற்காகவே எழுதப்பட்டது. சினிமாக் கேசட்டுகளைத் தூக்கி எறிய வேண்டாம். அவை சோதனைக் கேசட்டாகப் பயன்படும். முன்பின் தெரியாத எந்த டெக்கிலும் (கேசட் ஓட்டும் கருவி) முதலில் போட வேண்டியது அவற்றில் ஒன்றைத்தான்.

டேப்பைத் தொட்டுப் படிக்கும் ஹெட் எடுக்காத ஒலியை எந்த மென்பொருளும் கொண்டுவராது. கோளாறு டேப்பிலோ டெக்கிலோ இருந்தால் அங்கேயே சரிசெய்துவிட்டு மறுபடி பதிவதே வழி. கணினியில் 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டால் மங்கிய ஒலிதான் நிரந்தரமாகத் தங்கும்.

தொடங்கும் முன்

கேசட்டின் பின்விளிம்பில் இரண்டு சிறு பிளாஸ்டிக் தாவல்கள் இருக்கும். அவற்றை உடைத்துவிடுங்கள். தவறிப்போய் ரிக்கார்டு பட்டனை அழுத்தினாலும் பழைய பதிவு அழியாது. டேப் தெரியும் திறப்பு உங்களை நோக்கி, ஏ பக்கம் மேலே இருக்குமாறு வைத்தால், இடப்பக்கத் தாவல் ஏ பக்கத்துக்குரியது.

ஹெட், டேப்பை ஒரே வேகத்தில் இழுக்கும் கேப்ஸ்டன் கம்பி இரண்டையும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகளில் பிசிபி (மின்சுற்றுப் பலகை) துடைக்க 'ஐபிஏ' என்று விற்பார்கள், அதுவே போதும். கை கழுவும் சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் உண்டு. நகப்பூச்சு நீக்கி வேண்டவே வேண்டாம், அது பிளாஸ்டிக்கைக் கரைக்கும். டேப்பைக் கேப்ஸ்டனோடு அழுத்தும் பின்ச் ரோலரின் ரப்பரைச் சோப்புநீர் தொட்ட துணியால் துடைத்து, பிறகு வெறும் நீரால் துடைத்துக் காயவிடுங்கள். பஞ்சில் பழுப்பு நிறம் ஒட்டுவது நிற்கும்வரை துடைக்க வேண்டும்.

கருவிகளின் வரிசை இது: டெக்கின் சிவப்பு, வெள்ளை லைன் அவுட், ஆர்சிஏ வயர், ஸ்டீரியோ லைன் இன் உள்ள யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினித் தரவாக மாற்றும் சிறு பெட்டி), லேப்டாப். மென்பொருளுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி போதும். 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்று வையுங்கள். ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 1.04 ஜிபி இடம் பிடிக்கும்.

எந்தக் கோளாறு வந்தாலும் முதல் சோதனை ஒன்றுதான். டெக்கின் ஹெட்போன் துளையில் நேராக இயர்போனைச் செருகிக் கேளுங்கள். கோளாறு அங்கேயே கேட்டால் காரணம் டேப்பில் அல்லது டெக்கில். அங்கே சுத்தமாகக் கேட்டு, பதிந்த ஃபைலில் மட்டும் கோளாறு இருந்தால் வயரில், இன்டர்ஃபேஸில் அல்லது கணினி அமைப்பில். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் வயரை மாற்றிக்கொண்டே இருப்பதில்தான் பலருடைய நேரம் போகிறது.

ஒலி மூடியது போல மந்தமாகக் கேட்கிறது; 'ச', 'ஸ' எழுத்துகள் தெளிவில்லை

ஹெட் அழுக்கு என்பது முதல் சந்தேகம். துடைத்தும் அப்படியே இருந்தால் டெக்கில் டால்பி (டேப் இரைச்சலைக் குறைக்கும் வசதி) பட்டன் போட்டிருக்கிறதா பாருங்கள். வீட்டு மோனோ டேப் ரிக்கார்டர்களில் டால்பி கிடையாது. டால்பி இல்லாமல் பதிந்ததை டால்பி போட்டு ஓட்டினால் உச்ச ஒலிகள் அமுங்கிவிடும். அணைத்துவிடுங்கள். தலைகீழாக, டால்பி பி போட்டுப் பதிந்த கேசட்டை அது இல்லாமல் ஓட்டினால் ஒலி கூர்மையாக, 'உஸ்' இரைச்சலோடு வரும். டேப் வகைப் பட்டன் 'குரோம்' என்பதில் நின்றாலும் சாதாரணக் கேசட் மந்தமாகும். அதை 'நார்மல்' என்பதற்கு மாற்றுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் மந்தம் தீரவில்லை என்றால் காரணம் அசிமுத். ஹெட்டில் உள்ள மெல்லிய பிளவு டேப் ஓடும் திசைக்குச் சரியான செங்குத்தில் நிற்க வேண்டும். பதிந்த இயந்திரத்தில் அது சற்றே சாய்ந்திருந்தால், ஓட்டும் டெக்கின் ஹெட்டையும் அதே அளவு சாய்த்தால்தான் உச்ச ஒலிகள் முழுதாக வரும். உங்கள் டெக் 'சரியாக' இருப்பது இங்கே முக்கியமில்லை. எந்த இயந்திரத்தில் பதிந்தார்களோ அதோடு ஒத்துப்போக வேண்டும். ஊரில் ஒருவர் வீட்டு டேப் ரிக்கார்டரில் பதிந்த பத்துக் கேசட்டுகளுக்கு ஒரே சாய்வு பொருந்தக்கூடும். இன்னொருவர் பதிந்ததற்குப் பொருந்தாது. ஒரே கேசட்டின் ஏ பக்கத்துக்கும் பி பக்கத்துக்கும் கூட வேறுபடும்.

திருத்தும் விதம்: ஹெட்டின் இரு பக்கமும் சிறு ஸ்க்ரூ இருக்கும். ஒன்றின் அடியில் சுருள் ஸ்பிரிங் இருக்கும், அதுதான் அசிமுத் ஸ்க்ரூ. பெரும்பாலான டேப் ரிக்கார்டர்களில் கேசட் கதவுக்குக் கீழே அதற்கென ஒரு துளையே விட்டிருப்பார்கள். ப்ளே அழுத்தியபின் ஸ்க்ரூ அந்தத் துளைக்கு நேரே வந்து நிற்கும். முதலில் ஸ்க்ரூ தலையில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுப் பழைய நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். மெல்லிய ப்ளஸ் முனை ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். முனை காந்தமாக இருக்கக் கூடாது. டேப் ஓடிக்கொண்டிருக்கும்போதே, மிக மெதுவாக இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். கால் சுற்றுக்கு மேல் தேவைப்படாது. இரண்டு சேனலையும் ஒன்றாக்கி மோனோவில் கேட்பது அவசியம். ஸ்டீரியோவில் தெரியாத சிறு வித்தியாசம்கூட மோனோவில் பளிச்சென்று தெரியும்: சரியான புள்ளியில் ஜால்ரா ஒலியும் 'ச' எழுத்தும் திறந்து வரும், இரு பக்கமும் அதிலிருந்து விலகினால் மூடிக்கொள்ளும். கூத்துக் கேசட்டானால் தாளமும் முகவீணையும் நல்ல அளவுகோல்கள். பேச்சு மட்டும் உள்ள கேசட்டில் பேச்சு நின்ற இடத்து 'உஸ்' இரைச்சலைக்கூட வைத்துப் பார்க்கலாம், ஆனால் பேச்சையே நம்புவது நல்லது.

வேலை முடிந்ததும் குறித்த கோட்டுக்கே ஸ்க்ரூவைத் திருப்பிவிடுங்கள்.

உச்ச ஒலி வருவதும் போவதுமாக, ஒலி அளவும் சேர்ந்து ஏறி இறங்கினால், அது அசிமுத் அல்ல. டேப்பை ஹெட்டோடு அழுத்தும் சின்னக் கம்பளித் துண்டு கேசட்டுக்குள் இருக்கும். பிசின் காய்ந்து விழுந்திருக்கும். திறப்பின் நடுவே வெறும் பித்தளைத் தகடு தெரிந்தால் அதுதான். டேப்பைப் புதிய கேசட் கூட்டுக்கு மாற்றுங்கள். அதைப் பின்னால் சொல்லியிருக்கிறோம்.

அடியில் 'ம்ம்ம்' என்று உறுமல்

டேப்பை நிறுத்துங்கள். உறுமலும் நின்றால் அது பதிவிலேயே இருப்பது. நிற்காவிட்டால் உங்கள் இணைப்பில்.

இணைப்பில் இருந்தால் லேப்டாப்பின் சார்ஜர் பிளக்கைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டுங்கள். உறுமல் மறைந்தால் எர்த் சுற்று, அதாவது டெக்கும் லேப்டாப்பும் தனித்தனிப் பாதையில் எர்த் ஆகி, அந்த இரண்டுக்கும் இடையே ஆடியோ வயரின் வழியே சிறு மின்னோட்டம் ஓடுகிறது. இரண்டையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகிப் பாருங்கள். தீராவிட்டால் ஆர்சிஏ வயரின் நடுவே ஆடியோ ஐசொலேட்டர் ஒன்றைப் போடுங்கள். உள்ளே இருப்பது 1:1 விகிதச் சிறு டிரான்ஸ்ஃபார்மர். பிளக்கின் எர்த் முனையை மட்டும் எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள். உறுமலுக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

மழமழப்பான உறுமலாக இல்லாமல் கூர்மையான 'ஜ்ஜ்' என்று கேட்டால், அறையிலுள்ள எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், மலிவான எல்இடி விளக்கு, இன்வெர்ட்டர் மூன்றையும் சந்தேகிக்கலாம். ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பழைய சதுர அலை இன்வெர்ட்டரில் வீடு ஓடும்போது பதியவே கூடாது. டெக்கின் டிரான்ஸ்ஃபார்மர் அந்த அலையை அப்படியே ஒலிப்பாதைக்குள் கசியவிடும். இதில் ஒரு வாய்ப்பும் இருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளில் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, பேட்டரியில் ஓடும் டேப் ரிக்கார்டரையும் சார்ஜ் ஏற்றிய லேப்டாப்பையும் வைத்துப் பதிந்தால் அதைவிடச் சுத்தமான பதிவு வீட்டில் கிடைப்பது அரிது.

'டட் டட் டட் டர்ர்' என்று இடையிடையே வந்தால் செல்போன். அடுத்த அறையில் வையுங்கள்.

குரல் தடித்து மெதுவாக, அல்லது கீச்சென்று வேகமாக

சோதனைக் கேசட்டைப் போடுங்கள். அதுவும் மெதுவாக ஓடினால் டெக்கின் பெல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது மோட்டார் வேகம் மாறியிருக்கிறது. அளக்க எளிய வழி: கேசட்டில் உள்ள ஒரு சினிமாப் பாட்டின் நீளத்தை அதே பாட்டின் டிஜிட்டல் பிரதியோடு ஒப்பிடுவது. 4 நிமிடப் பாட்டு 4 நிமிடம் 7 நொடி எடுத்தால் டெக் 2.8 சதவீதம் மெதுவாக ஓடுகிறது. கடைக் கேசட்டுகளே சற்று முன்பின்னாகப் பதிந்திருக்கலாம் என்பதால் மூன்று நான்கு கேசட்டுகளில் பார்த்துச் சராசரி எடுங்கள். கேசட்டுக்குரிய வேகம் நொடிக்கு 4.76 செ.மீ.

பெல்ட்டை முதலில் மாற்றுங்கள். பழைய பெல்ட் கறுப்புக் குழம்பாக உருகி ஒட்டியிருந்தால் புல்லியின் பள்ளம் முழுவதையும் ஆல்கஹாலால் துடைத்தபின்தான் புதியதைப் போட வேண்டும். சிறு திட்டு மிஞ்சினாலும் வேகம் தடுமாறும். புதிய பெல்ட் போட்டபின்னும் வேகம் தவறினால் மோட்டாரின் பின்புறத்தில் ஒரு துளை இருக்கும், உள்ளே வேகம் திருத்தும் ஸ்க்ரூ. இம்மி இம்மியாகத் திருப்புங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். தளர்ந்த பெல்ட்டோடு மோட்டாரைத் திருத்தினால் புதிய பெல்ட் போட்டதும் எல்லாம் வேகமாகிவிடும்.

சோதனைக் கேசட் சரியாக ஓடி, வீட்டில் பதிந்தது மட்டும் கீச்சென்று கேட்டால், பதிந்தபோது பேட்டரி இறங்கியிருக்கிறது. அப்போது மெதுவாக ஓடியதை இப்போது சரியான வேகத்தில் ஓட்டுகிறோம், அதனால் சுருதி ஏறுகிறது. 6 சதவீத வேக வித்தியாசம் ஒரு அரைச்சுரத்துக்குச் சமம். டெக்கைத் தொடாதீர்கள். அப்படியே பதிந்து, பிறகு ஆடாசிட்டியில் வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் 'சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்' கொண்டு திருத்துங்கள். வேகத்தை மட்டும் அல்லது சுருதியை மட்டும் மாற்றும் மற்ற இரண்டு வசதிகளும் இதற்கு உதவாது.

எவ்வளவு திருத்துவது? கூத்துப் பதிவுகளில் ஒரு நல்ல தடயம் கிடைக்கும். டேப் ரிக்கார்டர் பேட்டரியில் ஓடியிருந்தாலும், மேடை ஆம்ப்ளிஃபயர் மின்சாரத்தில் ஓடியிருக்கும். அதன் உறுமல் ஹாரன் ஸ்பீக்கர் வழியே பதிவில் ஏறியிருக்கும். பேச்சும் பாட்டும் இல்லாத ஓரிடத்தைத் தேர்ந்து, 'அனலைஸ்' மெனுவில் 'ப்ளாட் ஸ்பெக்ட்ரம்' திறந்து, அளவை 65536 என்று வையுங்கள். மின்சாரத்தின் அலைவெண்ணான 50 ஹெர்ட்ஸில் பார்ப்பதைவிட அதன் மும்மடங்கான 150ல் பார்த்தால் துல்லியம் கூடும். முனை 156ல் நின்றால், 150ஐ 156ஆல் வகுத்து வரும் 0.962தான் வேகத்துக்கான பெருக்கெண். டேப்பை நிறுத்தியும் அதே முனை நின்றால் அது உங்கள் டெக்கின் உறுமல், கணக்கில் சேர்க்காதீர்கள். ஜெனரேட்டரில் நடந்த கூத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது. அந்தக் காலத்து மின்சாரமும் 50ல் அசையாமல் நின்றதல்ல, 48 பக்கம்கூட இறங்கியதுண்டு. ஆகவே இந்தக் கணக்கில் கிடைத்ததை ஆர்மோனியச் சுருதியோடு ஒப்பிட்டு முடிவுசெய்யுங்கள். பாடியவரை நேரில் கேட்டவர் வீட்டில் யாராவது இருந்தால் அவரை உட்காரவைத்துக் கேட்கச் சொல்வது எல்லாக் கணக்கையும் விட நம்பகமானது.

விடியவிடியப் பதிந்ததில் பக்கத்தின் தொடக்கம் சரியாகவும் முடிவு கீச்சென்றும் இருக்கும். பேட்டரி இறங்கிக்கொண்டே போனதன் விளைவு. அதற்கு 'ஸ்லைடிங் ஸ்ட்ரெட்ச்' பயன்படும். தொடக்கத்துக்கு ஒரு மதிப்பு, முடிவுக்கு ஒரு மதிப்பு கொடுக்கலாம்.

சுருதி ஆடுகிறது, டேப் சிக்குகிறது

நீண்ட நாதஸ்வரக் கார்வை ஆடி ஆடி வந்தால் மூன்று இடம் பாருங்கள். கேப்ஸ்டனில் டேப்பின் பழுப்புத் தூள் படிந்திருக்கிறதா. பின்ச் ரோலர் ரப்பர் கண்ணாடிபோல் வழுவழுப்பாகிவிட்டதா. கேசட்டுக்குள் டேப் சுருள் இறுகிக் கிடக்கிறதா. பல வருடம் அசையாமல் இருந்த கேசட்டை ஒரு முறை முழுவதும் முன்னோக்கியும் ஒரு முறை பின்னோக்கியும் சுற்றினால் சுருள் சமமாகும். அதன்பின் உள்ளங்கையில் தட்டையாக இரண்டு தட்டுத் தட்டுங்கள்.

டேப் உள்ளே சிக்கினால் இழுக்காதீர்கள். ஸ்டாப் அழுத்தி, மின்சாரத்தை நிறுத்தி, கதவைத் திறந்து, ரோலரைக் கையால் பின்னுக்குத் தள்ளி, டேப்பைச் சுற்று சுற்றாக விடுவியுங்கள். பிறகு அறுகோணப் பென்சிலால் மெதுவாகச் சுற்றி உள்ளே அனுப்புங்கள். கசங்கிய பகுதியில் ஒலி கொஞ்சம் விட்டுவிட்டு வரும், அதற்காக இஸ்திரி, சூடு எதுவும் காட்ட வேண்டாம். அந்த டெக்கில் டேப்பை வாங்கிச் சுற்றும் பக்கம் சுழலவில்லை என்பதே சிக்கலின் மூலம். பெல்ட் அல்லது சுருளைச் சுழற்றும் ஐட்லர் சக்கரத்தின் ரப்பரைச் சரிசெய்யாமல் வேறு கேசட் போடாதீர்கள்.

வெள்ளைப் பூஞ்சை

சேலத்துச் சூட்டைவிட ஏற்காட்டு ஈரம்தான் கேசட்டுக்குக் கொடியது. சேர்வராயன் மலையில், சுமார் 1500 மீட்டர் உயரத்தில், மழைக்காலப் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கும். மர அலமாரியில் வருடக்கணக்கில் கிடந்த கேசட்டின் கண்ணாடிச் சன்னல் வழியே பாருங்கள். கறுப்பாக, பளபளவென்று இருக்க வேண்டிய சுருளின் விளிம்பில் வெள்ளை அல்லது சாம்பல் நிறத் திட்டு தெரிந்தால் அது பூஞ்சை.

அந்தக் கேசட்டை எந்த டெக்கிலும் போடாதீர்கள். ஹெட்டிலும் ரோலரிலும் ஒட்டி அடுத்தடுத்த கேசட்டுகளுக்குப் பரவும். மற்றவற்றிலிருந்து பிரித்து ஒரு மூடிய பிளாஸ்டிக் டப்பாவில், நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறிவிட்டால் ஜெல்லை மாற்றி, நிறம் மாறாமல் நிற்கும்வரை தொடருங்கள். ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். பூஞ்சை காய்ந்து தூளாகும். வெயிலில் மட்டும் காயவைக்காதீர்கள். அடிவாரத்து மே மாத வெயில் கூட்டையே வளைத்துவிடும்.

காய்ந்தபின் என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, மெல்லிய நார் உதிராத துணியால் டேப்பின் விளிம்பையும் கூட்டையும் துடையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையைச் செய்யக் கூடாது. கூடு ஸ்க்ரூ போட்டதானால் கழற்றி, சுருளைப் புதிய கூட்டுக்கு மாற்றி, பழைய கூட்டை எறிந்துவிடலாம். பிறகு விலை குறைந்த, போனால் போகட்டும் என்ற டேப் ரிக்கார்டரில் ஒரு முறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றி, அதன் ஹெட்டையும் ரோலரையும் துடைத்துவிட்டு, நல்ல டெக்குக்குப் போங்கள்.

மலையிலிருந்து கேசட்டுகளைச் சேலத்துக்குக் கொண்டுவருவதிலும் ஒரு கவனம் வேண்டும். குளிர்ந்த கேசட்டை இறக்கியதும் அடிவாரத்துச் சூட்டில் திறந்தால் அதன்மேல் ஈரம் படியும். ஜிப் கவரில் காற்றுப் புகாமல் மூடிக் கொண்டுவந்து, அப்படியே ஓர் இரவு வைத்துவிட்டு, மறுநாள் திறவுங்கள். காரின் டாஷ்போர்டுமேல் வைத்துக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டாம்.

ஒரு பக்கம்தான் கேட்கிறது

ஆர்சிஏ வயரின் சிவப்பையும் வெள்ளையையும் டெக் பக்கம் மாற்றிச் செருகுங்கள். ஃபைலில் மௌனமான பக்கம் இடம் மாறினால் கோளாறு டெக்கில். மாறாவிட்டால் வயரிலோ இன்டர்ஃபேஸிலோ. லேப்டாப்பின் ஒற்றைத் துளையில் நேராகச் செருகியிருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம். அது மைக் துளை, பெரும்பாலும் மோனோதான்.

பதிவே மோனோ என்றால் இரண்டு சேனலிலும் ஒரே ஒலிதான் இருக்கும். இரண்டையும் பதியுங்கள். அசிமுத் சரியாக இருந்தால் இரண்டையும் சேர்த்து மோனோவாக்கும்போது 'உஸ்' இரைச்சல் ஏறத்தாழ 3 டெசிபல் குறையும். ஒரு சேனல் மட்டும் கரகரத்தால் சேர்க்காதீர்கள். நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள்.

பின்னணியில் வேறு குரல்

தலைகீழாகப் பேசுவது போலக் கேட்டால் அது மறுபக்கத்து ஒலி. ஹெட்டின் உயரம் மாறியிருக்கிறது, அல்லது டேப் வழிகாட்டி வளைந்து டேப் மேலோ கீழோ நழுவுகிறது. வேறு டெக்கில் போட்டுப் பாருங்கள்.

ஒரு சொல் வருவதற்குச் சற்று முன்னால் அதே சொல் மெல்லிய நிழலாகக் கேட்டால், சுருளில் அடுத்தடுத்த அடுக்குகளுக்கு இடையே காந்தப்பதிவு கசிந்திருக்கிறது. சூட்டில் கிடந்த கேசட்டிலும், டேப் மெலிதான சி-90, சி-120 கேசட்டுகளிலும் இது அதிகம். முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று முறை முழுக்கச் சுற்றியபின் பதிந்தால் கொஞ்சம் குறையும். முற்றாகப் போகாது.

குரல் உடைகிறது

இயர்போனில் சுத்தமாக இருந்து ஃபைலில் மட்டும் உடைந்தால் அளவு அதிகம். அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: முனைகள் எல்லாம் ஒரே உயரத்தில் கத்தியால் சீவியதுபோல் நின்றால் கணினியில் வெட்டுப்பட்டது. மிக உரத்த இடம் −12 முதல் −6 டெசிபலுக்குள் நிற்குமாறு குறைத்து மறுபடி பதியுங்கள். 24 பிட்டில் பதிவதால் சற்றுக் குறைவாக இருப்பதில் நட்டமில்லை. ஃபைலில் அளவு −6ஐத் தாண்டவேயில்லை, ஆனாலும் சீவியிருக்கிறது என்றால் லைன் ஒலியை மைக் துளையில் செருகியிருக்கிறீர்கள். மைக் துளை எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட், லைன் அவுட் தருவது மூன்றில் ஒரு பங்கு வோல்ட் அளவு.

இயர்போனிலேயே உடைந்து கேட்டால் பதிவின்போதே நடந்தது. ஹாரன் ஸ்பீக்கரின் அடியில் டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிந்த கூத்துகளில் இது சகஜம். அதைத் திருத்த முயன்று கெடுப்பதைவிட அப்படியே வைத்துக்கொள்வது மேல்.

பேச்சு தெளிவு, ஆனால் இசை மங்கி மங்கி மறைகிறது

இது டேப்பின் குற்றமே அல்ல. விண்டோஸில் உள்ள 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' வீடியோ அழைப்புக்காக அமைந்தது. பேச்சல்லாத எதையும் இரைச்சல் என்று கருதி அமுக்கும். நாதஸ்வரக் கார்வை இரண்டு நொடியில் தேய்ந்து போகும். சவுண்ட் செட்டிங்ஸில் உங்கள் உள்ளீட்டுக் கருவியைத் திறந்து அதை அணையுங்கள். மைக் பூஸ்ட் இருந்தால் சுழியத்தில் வையுங்கள். மௌனமான இடங்களில் இரைச்சல் மெல்ல ஏறி, பேச்சு வந்ததும் சட்டென்று இறங்கினால் தானியங்கி ஒலியளவு வேலை செய்கிறது. கணினியில் அந்த வசதி இருந்தால் அதையும் அணையுங்கள். ஆனால் பழைய மோனோ டேப் ரிக்கார்டர்கள் பதியும்போதே இதைச் செய்தவை. இயர்போனிலும் அப்படியே கேட்டால் அது டேப்பில் உள்ளது, நீங்கள் செய்ய ஒன்றுமில்லை.

'டிக்' என்று வெட்டு

பதிந்த ஃபைலில் மட்டும், ஒழுங்கற்ற இடைவெளியில் சொல் விழுங்கப்பட்டால் கணினி தரவைத் தவறவிடுகிறது. யூஎஸ்பி ஹப் வேண்டாம், இன்டர்ஃபேஸை நேராக லேப்டாப்பில் செருகுங்கள். ஏரோப்ளேன் மோடு போட்டு, மற்ற எல்லாவற்றையும் மூடிவிடுங்கள். ஆடாசிட்டியில் ஹோஸ்ட் 'விண்டோஸ் வசாபி' என்றும், ஆடாசிட்டி, விண்டோஸ் இரண்டிலும் 48,000 என்றும் இருக்கட்டும். இரண்டும் வேறுபட்டால் வெட்டும் வரும், சில வேளை சுருதியும் மாறும். இன்னும் வந்தால் பஃபர் நீளத்தைக் கூட்டுங்கள்.

டேப் அறுந்துவிட்டது, அல்லது கூடு திருகிக்கொண்டது

ஐந்து ஸ்க்ரூ உள்ள ஒரு நல்ல கேசட்டைப் பலி கொடுக்க வேண்டியதுதான். மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, இரண்டு கூட்டையும் ஏ பக்கம் மேலே இருக்குமாறு வைத்து, புதியதைக் கழற்றி அதன் டேப்பை எடுத்துவிடுங்கள். இரு உருளைகள், வழுக்குத் தாள்கள், கம்பளித் துண்டு வைத்த தகடு, அதன் பின்னால் உள்ள கவசத் தகடு ஆகியவை இருந்த விதத்தைப் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பழைய சுருள்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, திருப்பாமல், புதிய கூட்டில் இறக்குங்கள். டேப் உருளைகளுக்கு வெளிப்புறமாகவும் தகட்டின் முன்புறமாகவும் போக வேண்டும். ஒட்டுப்போட்ட கூடானால் பின்விளிம்பின் இணைப்பில் மெல்லிய கத்தியை வைத்து மெல்ல நெம்புங்கள். கத்தி உள்ளே அரை மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது.

அறுந்த முனைகளைச் சேர்க்கக் கேசட்டுக்கான ஒட்டுப்பட்டை வேண்டும். சாதாரண செல்லோடேப் வேண்டாம், அதன் பசை நாளடைவில் கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். முனைகள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சாய்வாக வெட்டி, இடைவெளியோ மேற்படிவோ இல்லாமல் பொருத்தி, பளபளப்பான பின்புறத்தில் ஒட்டுங்கள். ஹெட் தொடும் மங்கலான பக்கத்தில் எதுவும் ஒட்டக் கூடாது. கேசட் டேப்பின் அகலம் 3.81 மி.மீ. மட்டுமே, பட்டை ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் பிளேடால் சீவுங்கள்.

இரைச்சல் நீக்கியபின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல

அளவுக்கு மீறி நீக்கிவிட்டீர்கள். ஆடாசிட்டியின் 'நாய்ஸ் ரிடக்ஷன்' 6 முதல் 9 டெசிபல் வரை போதும்; 20க்குப் போனால் குரலின் நுனிகளும் சேர்ந்து போகும். திருத்தாத மூல ஃபைலை வேவ் அல்லது ஃப்ளாக் வடிவில் தனியாக வைத்திருந்தால்தான் மறுபடி தொடங்க முடியும். ஃப்ளாக் ஒலியில் எதையும் இழக்காமல் இடத்தை ஏறத்தாழப் பாதியாக்கும். உறவினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப எம்பி3 போதும், ஆனால் எம்பி3யை மூலமாக வைத்துக்கொள்ளாதீர்கள். மூலம் இரண்டு வெவ்வேறு டிஸ்க்குகளில் இருக்கட்டும், ஒன்று வேறு வீட்டில். கேசட் உறையில் கையால் எழுதிய பெயர், ஊர், தேதி ஆகியவற்றைப் படமெடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள். யார் குரல் என்று சொல்லும் ஒரே சாட்சி பல நேரம் அந்தக் கையெழுத்துதான்.

ஸ்பூல் டேப் இருந்தால்

கேசட் கூடு இல்லாமல் பெரிய சக்கரத்தில் சுற்றிய ஸ்பூல் டேப்புக்குத் தனி இயந்திரம் வேண்டும், வேகமும் நொடிக்கு 4.75, 9.5, 19 செ.மீ. என்று மாறும். ஓட்டும் முன் முகர்ந்து பாருங்கள். புளிக்காடி வாடை வந்தால் அது அசிட்டேட் டேப், சிதையத் தொடங்கிவிட்டது. எந்தச் சூடும் காட்டாமல் உடனே பதிய வேண்டியது. வாடை இல்லாமல், ஓட்டும்போது 'கீ' என்று கிறீச்சிட்டு ஹெட்டில் பிசுபிசுப்பான பழுப்புக் கறை ஒட்டினால் ஈரத்தால் பசை கெட்ட டேப். அந்த நொடியே நிறுத்துங்கள். தொடர்ந்து ஓட்டினால் ஒலி இருக்கும் படலமே உரிந்து வரும். அதைக் குறைந்த சூட்டில், அளவான வெப்பநிலையில், மணிக்கணக்கில் உலர்த்தித் தற்காலிகமாக ஓடும் நிலைக்குக் கொண்டுவரும் முறை உண்டு. சமையல் ஓவனில் முயல வேண்டாம், ஒலிக் காப்பக வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.